மாத்திரையின் மெய்யளவு

தலைவலி தாளாமல் மருந்துக் கடைக்குப் போய், வைத்தியர் சீட்டு எதுவுமின்றி ஒரு மாத்திரையைக் கேட்டு வாங்கி, வீடு திரும்பும் வரைகூடப் பொறுக்கமாட்டாமல் கடை வாசலிலேயே ஒரு டம்ளர் தண்ணீரோடு அதை விழுங்கிவிடுகிற மனிதன், தான் அறியாமலே இரண்டு விஷயங்களை நம்பிவிடுகிறான். அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் பெயருடைய மருந்துதான் அந்த வெள்ளை வில்லைக்குள் இருக்கிறது என்பது ஒன்று. அங்கே குறித்திருக்கும் மில்லிகிராம் அளவுக்கே, கூடாமலும் குறையாமலும், அது இருக்கிறது என்பது மற்றொன்று. கத்தரிக்காயை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறோம். அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிறோம். நெய்யை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறோம். மாத்திரையின் விஷயத்தில் மட்டும் நமது இந்திரியங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஊமையாகிவிடுகின்றன. அவை சொல்ல முடியாததை யாராவது ஒருவர், எங்காவது ஓர் ஆய்வகத்தில், நமக்காக அறிந்து சொல்லியாக வேண்டும். அவ்வாறு அறிவதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படுகிற பிரதான சாதனம் திரவ வண்ணப்பிரிகை என்னும் முறையாகும். ஆய்வகங்களில் அதை எச்.பி.எல்.சி. என்றே எல்லோரும் சொல்லுவார்கள். அது எவ்வாறு தோன்றியது, வலிநிவாரண மாத்திரைகளின் விஷயத்தில் எதைச் சாதித்திருக்கிறது, எந்த இடத்தில் அதன் சாட்சியம் நின்றுவிடுகிறது என்பவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது நாட்டின் மருந்துச் சட்டத்தில், சீட்டில்லாமல் விற்கத்தக்கவை என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. எனினும் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளோடு இணைந்த கே அட்டவணையானது, ஆஸ்பிரினையும் பாராசிட்டமாலையும் வீட்டு மருந்துகளின் வரிசையில் வைத்து, ஆயிரம் பேருக்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள கிராமங்களில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உரிமமில்லாத கடைகளிலும் அவற்றை விற்க இடமளிக்கிறது. மளிகைக் கடையின் தகர டப்பாவில், பீடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் அருகே, கோடை வெயிலில் மாதக்கணக்காகக் கிடந்து விலைபோகக்கூடிய மருந்து இது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இதன் தரத்தைப் பரிசோதிப்பது எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும். கலப்பட மருந்துகளும் சத்தற்ற மருந்துகளும் சந்தையில் பெருகியதைக் கண்டு 1930-இல் கர்னல் சோப்ரா தலைமையில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்ததும், அக்குழுவின் சிபாரிசுகளை ஒட்டி 1940-இல் மருந்துச் சட்டம் இயற்றப்பட்டதும் அந்த முக்கியத்துவத்தை உணர்ந்ததனாலேயே. பாராசிட்டமால் அளவோடு உண்டால் சாதுவான மருந்து. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்ற வரம்பை மீறிச் சென்றால் ஈரலைக் கெடுப்பது. ஆஸ்பிரினோ வயிற்றின் உட்சுவரில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது. ஆகவே அளவு என்பது இங்கே வெறும் வியாபார நேர்மையைப் பற்றிய பிரச்சினை அன்று.

இம்மருந்துகளின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஏனெனில், அவை இயல்பிலேயே ஒன்றோடொன்று கூடி வாழ்பவை என்பதுதான் அவற்றைப் பகுத்தறிவதிலுள்ள சிரமத்துக்கு மூலகாரணம். வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிப்பதை எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1763-இல் எழுதி வைத்தார். அப்பட்டையின் குணத்தோடு தொடர்புடைய சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்குவது. அதனோடு அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கும் முயற்சி 1853-இல் ஜெரார்டு என்ற பிரெஞ்சு ரசாயனியின் கையில் தொடங்கி, 1897-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆய்வகத்தில் பெலிக்ஸ் ஹாப்மன் அதைச் சுத்தமாகவும் நிலைத்து நிற்கும் வகையிலும் தயாரித்ததோடு நிறைவெய்தியது. 1899 முதல் அது ஆஸ்பிரின் என்ற பெயரோடு உலகைச் சுற்றி வருகிறது. பாராசிட்டமாலின் கதை வேறு. அதன் உறவினர்களான அசிட்டனிலைடும் பினாசிட்டினும் 1880-களிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டன. அசிட்டனிலைடு உடலுக்குள் சென்று பாராசிட்டமாலாக மாறியே வலியைத் தணிக்கிறது என்று பிராடியும் ஆக்சல்ராடும் 1948-இல் காட்டிய பிறகுதான் பாராசிட்டமாலுக்குத் தனி மரியாதை கிடைத்தது. இப்யூப்ரோபன் இவர்களுக்கெல்லாம் இளையது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் கண்டறிந்த அது, 1969-இல் சீட்டோடும் 1983-இல் சீட்டில்லாமலும் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது.

ஒரு மருந்து தனித்து நின்றால் போதாது என்று கருதிய தயாரிப்பாளர்கள் வெகு காலத்துக்கு முன்பே கூட்டு மாத்திரைகளைச் செய்யத் தலைப்பட்டனர். ஆஸ்பிரின், பினாசிட்டின், காப்பியின் சத்தாகிய கபீன் என்ற மூன்றும் சேர்ந்த ஏ.பி.சி. மாத்திரையை மூத்த தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். பினாசிட்டினை நெடுநாள் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது தெரியவந்து அது விலக்கப்பட்டபோது, அந்த இடத்தில் பாராசிட்டமால் வந்து அமர்ந்தது. அமெரிக்காவில் எக்ஸெட்ரின் என்ற பெயரால் பிரசித்தமான மாத்திரை அவ்வகையைச் சேர்ந்தது: ஆஸ்பிரின் 250 மில்லிகிராம், பாராசிட்டமால் 250 மில்லிகிராம், கபீன் 65 மில்லிகிராம். இந்த மூவர் கூட்டணியையே இக்கட்டுரையின் பிரதான உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எச்.பி.எல்.சி. பயிலும் மாணவர்களுக்கு உலகின் பல பாகங்களிலும் முதற் பாடமாக வைக்கப்படுவதும் இதுவே.

பழைய ரசாயன முறைகளை இகழ்ந்து பேசுவது எனக்கு உடன்பாடன்று. அவை தத்தம் எல்லைக்குள் நாணயமானவை. பெர்ரிக் குளோரைடு கரைசலின் ஒரு துளியை விட்டால் சாலிசிலிக் அமிலம் ஊதா நிறம் காட்டும்; சுத்தமான ஆஸ்பிரின் காட்டாது. ஆகவே கெட்டுப்போன ஆஸ்பிரினை ஒரு நொடியில் கண்டுகொள்ளலாம்; ஆனால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. தரம்பார்த்தலோ அளவைச் சொல்லும். ஆனால் எதனுடைய அளவு என்பதில் ஏமாந்துவிடும். ஆஸ்பிரினை அளவறிந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்க வைத்து, மீந்து நிற்கும் காரத்தை அமிலம் விட்டு அளப்பது வழக்கம். ஆஸ்பிரினின் ஒரு மூலக்கூறு இதில் இரண்டு பங்கு காரத்தை உட்கொள்ளும். அந்த மூலக்கூறு ஈரத்தில் ஏற்கெனவே உடைந்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிந்திருந்தால், அவை ஆளுக்கொரு பங்காக அதே இரண்டு பங்கு காரத்தைத்தான் உட்கொள்ளும். அசிட்டிக் அமிலம் ஆவியாகிப் போகாதவரையில், நல்ல ஆஸ்பிரினுக்கும் கெட்ட ஆஸ்பிரினுக்கும், அமிலத்தை விட்டு அளக்கும் பியூரெட் குழாய் ஒரே கணக்கையே காட்டும். இந்த ஓட்டையை அடைப்பதற்காக முதலிலேயே உள்ள அமிலத்தைச் சமன்செய்துவிட்டுப் பிறகு கொதிக்க வைப்பது போன்ற உபாயங்களை ரசாயனிகள் வகுத்தார்கள் என்பதும் உண்மையே. மாத்திரையில் ஒரே மருந்து இருந்து அது கெடாமலும் இருந்தால் புற ஊதாக் கதிரைச் செலுத்தி அது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பதே போதுமானது. தனி பாராசிட்டமாலை நீர்த்த காரத்தில் கரைத்து 257 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்துவிடலாம். மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கையில் மூன்றும் அதே பிரதேசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதிரை உறிஞ்சுவதால், மூவர் ஒரே சமயத்தில் பேசுவதைக் கேட்கிற நிலை ஏற்படுகிறது. முதலில் அவர்களைத் தனித்தனியே அழைக்க வேண்டும். பிறகுதான் விசாரிக்க வேண்டும். பிரிப்பது முன், அளப்பது பின் என்ற இந்த முறைமைதான் வண்ணப்பிரிகையின் உயிர்.

அதைக் கண்டவர் ரசாயனி அல்லர், தாவர சாஸ்திரி. ருஷ்ய நாட்டு மிகையீல் ஸ்வெட் என்பவர், வார்சா நகரில் பணியாற்றிய காலத்தில், பச்சிலையின் சாற்றைப் பெட்ரோலிய ஈதரில் எடுத்து, சுண்ணாம்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்றி, மேலும் மேலும் கரைப்பானை விட்டுக்கொண்டே வந்தபோது, ஒரே பச்சையாகத் தெரிந்த சாறு பச்சையும் மஞ்சளுமான பல வளையங்களாகப் பிரிந்து குழாயில் இறங்குவதைக் கண்டார். 1903-இல் அதைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தி, 1906-இல் வெளியிட்ட கட்டுரைகளில் அம்முறைக்கு வண்ண எழுத்து என்று பொருள்படும் கிரேக்கப் பெயரையும் சூட்டினார். ஸ்வெட் என்ற சொல்லுக்கே ருஷ்ய மொழியில் நிறம் என்று அர்த்தம். 1919-இல் அவர் காலமானபோது அந்த முறையைப் பின்பற்றுவோர் அநேகமாக எவருமில்லை. 1931-இல் ஹைடல்பர்க்கில் கூனும் லெடரரும் அதற்குப் புத்துயிர் அளித்தார்கள். 1941-இல் ஆட்டு ரோம ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய மார்ட்டினும் சிஞ்சும், இரு திரவங்களுக்கிடையே பொருள்கள் பங்கிட்டுக்கொள்ளப்படும் தன்மையைக் கொண்டே பிரிகையை நடத்தலாம் என்று நிறுவி, 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மிக நுண்ணிய துகள்களைக் குழாயில் அடைத்து, மிகுந்த அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்தினால் பிரிகை இன்னும் கூர்மையாகும் என்று அவர்கள் அப்போதே எழுதியிருந்தார்கள். அந்த வாக்கை நிறைவேற்றத்தக்க பம்புகளும் துகள்களும் உருவாக ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. 1960-களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோர்வாத் முதலியோர் அப்படிப்பட்ட கருவியைக் கட்டியெழுப்பினார்கள். எச்.பி.எல்.சி. என்பதிலுள்ள பி என்ற எழுத்து ஆதியில் அழுத்தத்தையும் பின்னர் செயல்திறனையும் குறிப்பதாயிற்று.

இன்றைய கருவியின் இதயஸ்தானம் ஓர் எஃகுக் குழல். நீளம் பெரும்பாலும் 15 அல்லது 25 சென்டிமீட்டர், உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். மேசைமேல் கிடந்தால் சைக்கிள் உதிரிப்பாகம் என்று எண்ணி ஒதுக்கிவிடத் தோன்றும் அந்தக் குழலுக்குள், 5 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள, அதாவது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான, சிலிக்கா உருண்டைகள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் பதினெட்டுக் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலிகள் மயிர்க்கால்போல் நட்டு வைக்கப்பட்டிருப்பதால், நீரில் நனையாத எண்ணெய்ப் பிசுக்கின் சுபாவம் அதற்கு வந்துவிடுகிறது. அந்த இடுக்குகளின் வழியே நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் திரவத்தைத் தள்ளுவதற்கே, மோட்டார் வாகனச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் எழுபது எண்பது மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கிறது. நீரும் மெத்தனாலும் சிறிது அசிட்டிக் அமிலமும் கலந்த திரவம் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்க, அதன் நடுவே மாத்திரைக் கரைசலின் 20 மைக்ரோலிட்டர், ஒரு சிறு துளியின் பாதி என்று சொல்லலாம், செலுத்தப்படுகிறது. நீரோடு அதிகமாக உறவுகொள்ளும் பொருள் திரவத்தோடு விரைந்து போய்விடும். எண்ணெய்த்தன்மை மிகுந்த பொருள் உருண்டைகளைப் பற்றிப் பற்றித் தயங்கி வரும். ஆகவே பாராசிட்டமால் முதலில் வெளிப்படுகிறது, அடுத்து கபீன், அதற்கடுத்து ஆஸ்பிரின், எல்லோருக்கும் கடைசியாக, ஆஸ்பிரின் உடைந்ததால் பிறந்த சாலிசிலிக் அமிலம். உடைந்த துண்டு முழுப் பொருளைக் காட்டிலும் பிந்தி வருவது முதலில் வியப்பாகவே இருக்கும். சாலிசிலிக் அமிலத்தின் ஹைட்ராக்சில் தொகுதி, பக்கத்திலிருக்கும் அமிலத் தொகுதியோடு தனக்குள்ளேயே கைகோத்துக்கொள்வதால், நீரை நாடும் ஆவல் அதற்குக் குறைந்துவிடுகிறது என்பதே காரணம்.

அசிட்டிக் அமிலம் எதற்காக என்று கேட்கலாம். ஆஸ்பிரின் ஓர் அமிலம். நடுநிலையான நீரில் அது தன் புரோட்டானை இழந்து மின்னேற்றம் பெற்று, எண்ணெய்ப் பிசுக்கை ஏறிட்டும் பாராமல், பாராசிட்டமாலோடு ஒட்டிக்கொண்டோ அதற்கு முன்னமேயோ ஓடிவிடும். திரவத்தைப் போதிய அளவு புளிப்பாக்கிவிட்டால் அது மின்னேற்றமற்ற முழு மூலக்கூறாக நின்று தன் முறைக்குக் காத்திருக்கும். மெத்தனாலை ஒரு பங்கு கூட்டினால் எல்லோரும் விரைந்து வந்து நெருக்கியடிப்பார்கள். குறைத்தால் கடைசி ஆள் வருவதற்குள் பொழுது போய்விடும். நூறு பங்கில் நீர் 69, மெத்தனால் 28, அசிட்டிக் அமிலம் 3 என்ற கலவை இந்த மாத்திரைக்கு நெடுங்காலமாகக் கைகண்ட பக்குவம். குழலின் வாயில் நிற்கும் புற ஊதாக் கதிர் 275 நானோமீட்டர் அலைநீளத்தில் காவல் காக்கிறது. கபீனுக்கு அது மிகவும் உகந்த இடம். பாராசிட்டமாலுக்கு 244-க்கு அருகில்தான் உச்சம். எனினும் மூவரையும் ஒருசேரக் காணக்கூடிய சமரசமான இடம் அதுவே. ஒவ்வொரு பொருளும் கதிரின் குறுக்கே கடக்கும்போது வரைபடத்தில் ஒரு சிகரம் எழுகிறது. சிகரம் எழுந்த நேரம் பொருளின் பெயரையும், சிகரத்தின் கீழ் அடங்கிய பரப்பு அதன் அளவையும் கூறுகின்றன.

இவ்வளவும் கருவியின் பெருமை. ஆனால் நான் பழகிய வரையில், முடிவின் மெய்யும் பொய்யும் தீர்மானமாகிற இடம் கருவி அன்று; அதற்கு முந்தைய மேசை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையில் நிலைக்கும், மாத்திரைக்கு நிலைக்காது. இருபது மாத்திரைகளை எடுத்து, ஒருசேர நிறுத்துச் சராசரி கண்டு, கல்வத்தில் இட்டு அரைக்க வேண்டும். குறுநொய் பதம் போதாது. விரலிடையே தேய்த்தால் மணல் தட்டாத மைபோன்ற பதம் வேண்டும். முதலில் கல்வத்தின் விளிம்பில் ஏறிக்கொண்ட தூளைச் சுரண்டி உள்ளே தள்ள மறந்தால், மறந்த அளவுக்கு விடை பிறழும். அந்தத் தூளில் ஒரு மாத்திரைக்கு ஈடானதை நிறுத்து எடுத்து, 100 மில்லிலிட்டர் குடுவையில் மெத்தனாலும் நீரும் விட்டு, ஒலியதிர்வுத் தொட்டியில் கால் மணி நேரம் வைத்தால், மருந்து கரைந்து, மாத்திரையைப் பிடித்து வைத்திருந்த மாவும் செல்லுலோசும் மெக்னீசியம் ஸ்டியரேட்டும் பாலாடைபோல் கலங்கி நிற்கும். அதை 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் தெளிய எடுக்காமல் குழலுக்குள் அனுப்புகிறவன், ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய குழலை ஒரே நாளில் அடைத்துவிடுவான்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நான் ஏமாந்த ஒரு சந்தர்ப்பத்தை இங்கே குறிப்பிட வேண்டும். மாணவனாக இருந்த காலத்தில் ஒரு நாள் மாலை மாத்திரைக் கரைசலைத் தயாரித்து முதல் முறை செலுத்தி முடித்தேன். அதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. குடுவையை மூடி மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். அது சித்திரை மாதம். மறுநாள் நண்பகலுக்குப் பிறகு அதே கரைசலைச் செலுத்தியபோது, பாராசிட்டமாலும் கபீனும் முன்தின நிலையிலேயே நிற்க, ஆஸ்பிரினின் சிகரம் மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்கி, அதன் பின்னே முன்தினம் இல்லாத ஒரு சிகரம் தலைதூக்கியிருந்தது. பம்பைச் சந்தேகித்தேன், விளக்கைச் சந்தேகித்தேன், குழலைக் கழற்றி மாற்றுவதற்குக்கூடத் துணிந்துவிட்டேன். ஆசிரியர் வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கரைசல் எப்போது போட்டதப்பா?" என்று மட்டும் கேட்டார். ஆஸ்பிரின் நீரில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சிறிது சிறிதாக உடைந்துகொண்டே இருக்கிறது. மாத்திரையின் அளவை அளப்பதாக எண்ணி, என் சோம்பலின் அளவையே நான் அளந்திருக்கிறேன். அன்று முதல் ஆஸ்பிரின் அடங்கிய எதையும் கரைத்த கையோடு, குளிர்ந்த இடத்தில் வைத்து, தாமதமின்றிச் செலுத்துவதை ஒரு விரதமாகவே கொண்டேன்.

கருவி தானாக மில்லிகிராம் கணக்குச் சொல்வதில்லை என்பதும் பலர் அறியாத செய்தி. அது சொல்வது பரப்பு மட்டுமே. அந்தப் பரப்புக்கு அர்த்தம் கற்பிப்பது, தூய்மை அறிந்த மருந்தை அளவறிந்து கரைத்த நியமக் கரைசல். ஒரு மில்லிலிட்டரில் 0.250 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள நியமக் கரைசல் 1,200 அலகுப் பரப்பைத் தருகிறது என்றும், அதே அளவுக்கு நீர்த்துப்போகச் செய்த மாத்திரைக் கரைசல் 1,176 அலகு தருகிறது என்றும் கொள்வோம். அப்படியானால் மாத்திரையில் அறிவித்த அளவில் 98 சதவீதம், அதாவது 245 மில்லிகிராம், இருப்பதாக ஏற்படும். நியமக் கரைசலை நிறுத்தவன் இரண்டு மில்லிகிராம் பிசகினால் உலகத்திலுள்ள எந்தக் கருவியும் அப்பிசகைத் திருத்தாது. எனவேதான் நியமத்தையே ஆறு முறை திரும்பத் திரும்பச் செலுத்தி, பரப்புகள் தம்முள் இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபடாமல் இருக்கின்றனவா, அடுத்தடுத்த சிகரங்களின் அடிவாரங்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே மாத்திரைக் கரைசலைத் தொடுவது மரபு. நியமத்திலும் மாத்திரைக் கரைசலிலும் சம அளவு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்துவிட்டு, மருந்தின் பரப்பை அதன் பரப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் ஜாக்கிரதையான வழி. செலுத்திய துளி சற்றே கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் சேர்ந்தே கூடிக் குறைவதால் விகிதம் பிறழாது.

எவ்வளவு இருந்தால் நல்ல மாத்திரை? இந்திய பார்மகோப்பியா என்னும் மருந்துத் தரநூல் பாராசிட்டமால் மாத்திரைக்கு அறிவித்த அளவில் 95 முதல் 105 சதவீதம் வரை இடம் தருகிறது. அமெரிக்கத் தரநூல் 90 முதல் 110 வரை. சராசரி சரியாக இருப்பது மட்டும் போதாது. 65 மில்லிகிராம் கபீன் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. கலவை இயந்திரம் சரியாகக் கலக்காவிட்டால் ஒரு மாத்திரையில் 40-உம் அடுத்ததில் 90-உமாக விழுந்து, இருபதின் சராசரி மட்டும் குற்றமற்றுத் தோன்றும். ஆகையால் மாத்திரை எடையில் கால் பங்குக்குக் குறைந்த சரக்கைப் பத்து மாத்திரைகளில் தனித்தனியே அளந்து பார்க்க விதியுண்டு. பழைய முறைகளில் ஒரு நாள் முழுதும் பிடித்திருக்கக்கூடிய இந்த வேலையை, மாதிரிகளைத் தானே மாற்றிச் செலுத்திக்கொள்ளும் கருவி ஓர் இரவில் முடித்து வைக்கிறது.

என் மதிப்பில் திரவ வண்ணப்பிரிகையின் தலையாய உபகாரம் அளவு சொல்வதைக் காட்டிலும் அழுக்கைக் காட்டுவதில் இருக்கிறது. அமெரிக்கத் தரநூல் பூச்சில்லாத ஆஸ்பிரின் மாத்திரையில் சாலிசிலிக் அமிலம் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. ஆயிரத்தில் மூன்று பங்கை, அதன் மூலப்பொருளின் பக்கத்திலேயே நிறுத்தி அளப்பதற்குப் பியூரெட்டுக்கு வல்லமை ஏது? பாராசிட்டமாலின் விஷயத்தில் அஞ்சத்தக்கது பாரா அமினோபீனால். அது பாராசிட்டமாலைத் தயாரிக்கும்போது உடன்வந்ததாகவும் இருக்கலாம், ஈரத்தாலும் வெப்பத்தாலும் பின்னர் உண்டானதாகவும் இருக்கலாம். சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு என்ற வரம்பைப் பிரிட்டிஷ் தரநூல் மூலச்சரக்குக்கு விதித்திருக்கிறது. பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தவுடன் எழும் காடி வாசனையை நம்மில் சிலர் அறிவோம். உடைந்த ஆஸ்பிரினின் அசிட்டிக் அமிலம் அது. மூக்கு உணருவதற்கு வெகு காலம் முன்பே வரைபடத்தின் கடைசிச் சிகரம் அந்த உடைவை எழுதிவிட்டிருக்கும்.

இப்யூப்ரோபன் சேர்ந்த மாத்திரைகளில் நிலைமை சற்று மாறுகிறது. இப்யூப்ரோபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் கலந்த மாத்திரை நம் நாட்டில் ஏராளமாக விற்கிறது. முன்னது மிகுந்த எண்ணெய்த்தன்மை உடையது, பின்னது நீரை நாடுவது. ஆகவே பாராசிட்டமாலுக்கு ஏற்ற திரவத்தில் இப்யூப்ரோபன் குழலைவிட்டு வரவே வராது, இப்யூப்ரோபனுக்கு ஏற்றதில் பாராசிட்டமால் நில்லாமல் ஓடிவிடும். தொடக்கத்தில் நீர் மிகுந்திருந்து, போகப்போகக் கரைப்பான் பங்கு கூடிக்கொண்டே வருமாறு கலவையை மாற்றுவதே இதற்குப் பரிகாரம். இதைக் காட்டிலும் சூக்ஷ்மமான சங்கதி ஒன்றுண்டு. இப்யூப்ரோபனின் மூலக்கூறு, இடக்கையும் வலக்கையும் போல, கண்ணாடிப் பிம்பங்களான இரண்டு வடிவங்களில் இருக்கிறது. வலியைத் தணிப்பது எஸ் என்று பெயரிட்ட வடிவமே. கடையில் விற்பதில் பெரும்பாலும் இரண்டும் சரிபாதி. மற்றதில் பெரும்பகுதியை நமது உடலே எஸ் வடிவமாக மாற்றிக்கொள்கிறது. பதினெட்டுக் கார்பன் சங்கிலிக் குழலுக்கு இவ்விரண்டும் ஒன்றே; ஒற்றைச் சிகரமாகத்தான் காட்டும். தானும் ஒரு கைப்பட்சம் உடைய சரக்கால் அடைக்கப்பட்ட தனிக் குழலே அவற்றை வேறுபடுத்தும். கருவிக்குத் தெரியவில்லை என்பதால் வேறுபாடு இல்லையென்று ஆகிவிடாது.

இன்னொரு குறை பணத்தைப் பற்றியது. பகலெல்லாம் ஓடும் ஒரு கருவி அரை லிட்டர் கரைப்பானை எளிதில் குடித்துவிடும். பலவிடங்களில் அது மெத்தனால் அன்று, விலையுயர்ந்த அசிட்டோநைட்ரைல். அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பின் உடன்விளைவாகவே அது கிடைப்பதால், 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொழில்மந்தம் ஏற்பட்டு அத்தயாரிப்பு சுருங்கியவுடன், உலகெங்கும் ஆய்வகங்கள் கரைப்பான் கிடைக்காமல் தவித்தன. அதன் பின் மெத்தனாலுக்குத் திரும்பியவர்களும், இரண்டு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்களை அடைத்த சிறு குழல்களால் செலவைச் சுருக்கியவர்களும் பலர்.

கடைசியாக, இந்தச் சாட்சியின் மௌனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாத்திரையில் மருந்து முழுதும் இருந்து, அது வயிற்றில் கரையாமலே போனால் என்ன பயன்? தூளாக்கிக் கரைத்து அளக்கும் சோதனைக்கு அது தெரியாது. ஆகவே முழு மாத்திரையை 37 பாகை வெப்பமுள்ள 900 மில்லிலிட்டர் திரவத்தில் போட்டுத் துடுப்பால் கலக்கி, 30 நிமிடத்தில் பாராசிட்டமாலில் 80 சதவீதம் கரைந்திருக்கிறதா என்று தனியே பார்க்கிறார்கள். இது திருத்திக்கொள்ளக்கூடிய மௌனம். திருத்திக்கொள்ளாததால் உயிர்களைப் பலிகொண்ட மௌனமும் உண்டு. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் பாணியில் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ சேர்ப்பது வழக்கம். அந்த இடத்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற மலிவான தொழிற்சாலைத் திரவம் புகுந்துவிட்டால், நிறத்தாலோ இனிப்பாலோ வேறுபாடு தெரியாது. குழந்தையின் சிறுநீரகம் சில நாள்களில் நின்றுவிடும். 1990-இல் நைஜீரியாவிலும், அதையொட்டிய ஆண்டுகளில் வங்காள தேசத்திலும், 1996-இல் ஹெயிட்டியிலும் பாராசிட்டமால் பாணி குடித்த குழந்தைகள் இவ்விதம் மாண்டார்கள். ஹெயிட்டியில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்டவர்கள். நமது சென்னையிலும் 1970-களின் தொடக்கத்தில் அந்த விஷம் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது.

அப்படிப்பட்ட பாணியை நான் மேலே விவரித்த கருவியில் செலுத்தினால் என்ன நிகழும் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது. டைஎதிலீன் கிளைக்கால் 275 நானோமீட்டரில் கதிரை உறிஞ்சாது, குழலிலும் தங்காது. திரவத்தோடு திரவமாய், ஒரு சலனமும் காட்டாமல் அது கடந்துபோன சிறிது நேரத்தில், பாராசிட்டமாலின் சிகரம் அப்பழுக்கில்லாமல் எழுந்து நிற்கும். அறிக்கையில் 99 சதவீதம் என்று எழுதிக் கையொப்பமிடலாம். கேட்ட கேள்வி பாராசிட்டமால் எவ்வளவு என்பது. அதற்கு விடை சரியானதே. அந்த விஷத்தைக் காண வாயு வண்ணப்பிரிகை வேண்டும். அதுவும் பாணி புட்டியில் நிரப்பப்பட்ட பிறகு அல்ல, கிளிசரின் பீப்பாய் தொழிற்சாலைக்குள் நுழையும்போதே வேண்டும். 2009-இல் அமெரிக்கத் தரநூல் கிளிசரினுக்கான அந்தச் சோதனையைத் தூய்மைப் பரிசோதனைகளின் வரிசையிலிருந்து எடுத்து, பொருளின் அடையாளத்தை நிலைநாட்டும் சோதனைகளுள் ஒன்றாக மாற்றி வைத்தது. விற்றவரின் சான்றிதழைக் கண்டு விட்டுவிடாமல், வந்திறங்கும் சரக்கில் அதை நடத்தியே தீரவேண்டும் என்பது அம்மாற்றத்தின் கருத்து.